மூச்சு எண்ணும் பலகை

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. உன் நலம் எனக்கு நன்றாகவே தெரியும். உன் மனைவி நேற்று போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வாரம் சமையலறைத் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாயாம். அவள் ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கரண்டி கீழ விழுந்துடுச்சு, தேடறேன்" என்றாயாம். கரண்டி உன் கையிலேயே இருந்ததாம். பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

பித்தப்பையில் கல் இருக்கிறது, பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று மருத்துவர் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது? முதல் தேதி குறித்தபோது மழை என்றாய். இரண்டாவது தேதிக்கு அலுவலகத்தில் ஆடிட் என்றாய். மூன்றாவது தேதிக்குக் குட்டிக்குப் பரீட்சை என்றாய். அவள் படிப்பது ஒன்றாம் வகுப்பு. அப்பா பித்தப்பையோடு இருந்தால்தான் அவளுக்கு மார்க் போடுவார்களா? மருத்துவமனைக்கே டிமிக்கி கொடுக்கிற ஆள் என்று நான் உன்னைத்தான் பார்க்கிறேன்.

இதையெல்லாம் போனில் கேட்கலாம். ஆனால் இரண்டு ஜோக் அடிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், உடனே "அக்கா, சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு சிக்னல் பிரச்சினை கிடையாது. உட்கார்ந்து படி.

நீ ஏன் ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. இப்போது நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம், பேசிவிடலாம். அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன அன்று நீ நான்காம் வகுப்பு. "தூங்கி எழுந்து வந்துடறேன்டா, அதுக்குள்ள வீட்டுப்பாடத்தை முடிச்சு வை" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து நீ முழுவதையும் எழுதி முடித்தாய். மயக்கம் தெளியவில்லை என்று மட்டும் வந்து சொன்னார்கள். ஏன் தெளியவில்லை என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ பல் பிடுங்கப் போனால்கூட மரத்துப்போகிற ஊசி வேண்டாம் என்று அடம் பிடித்து, தெருவே கேட்கும்படி அலறினாயே, அது எதனால் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் மனைவியிடம் நீ கேட்ட கேள்வியையும் அவள் சொன்னாள். "நான் தூங்கிட்டேன்னா என்னை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டாயாம். இதைப் பார்த்துக்கொள்வதுதானடா என் வேலையே. என்ன, நான் பார்த்துக்கொள்வது எலிகளை.

எங்கள் ஆய்வகத்தில் எலும்பு முறிவை ஒட்டவைக்கிற ஒரு பசையைச் சோதிக்கிறார்கள். வெள்ளை எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, காலில் சின்னதாகக் கீறி, பசையை வைத்துத் தைத்துவிடுவார்கள். எலி விழித்துக்கொண்டதும் மயக்கம் தெளிந்ததா, தீனி தின்கிறதா, வலி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கவனிப்பார்கள். இதில் பெரிய தலைவலி, ஆபரேஷன் நடக்கும்போது எலி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான். உடம்பு முழுவதையும் பச்சைத் துணியால் மூடி, காலை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. மனிதர்களுக்கு மாட்டுகிற கருவியை மாட்டிப் பார்த்தோம். எலியின் இதயம் ஓடுகிற வேகத்தைப் பார்த்து அது மிரண்டு, பாதியை எண்ணிவிட்டு மீதியை விட்டுவிட்டது. போதாததற்கு மயக்கத்தில் எலிக்கு உடம்பு சட்டென்று குளிர்ந்துபோகும். நம் உள்ளங்கை அளவு உயிர், சூடு நிற்க இடம் எங்கே?

அங்கே கருவிகள் செய்வது என் பொறுப்பு, அதனால் நான் ஒரு பலகை செய்தேன். பார்த்தால் ரொட்டி வெட்டுகிற பலகை போல இருக்கும். உள்ளே சூடேற்றும் கம்பி ஓடுகிறது, எலியின் உடம்பு குளிர்ந்தால் தானே சூட்டைக் கூட்டும். மேலே மெல்லிய ஒரு படலம், அதன் மேல்தான் எலி படுத்திருக்கும். மூச்சு விடும்போது மார்பு அசைகிற அந்த இம்மி அசைவு படலத்தில் பதிந்து, பக்கத்துத் திரையில் கோடாக ஓடும். மூச்சு நின்றால் பலகை கத்தும். முதலில் வைத்த சத்தம் கேட்டு எங்கள் விலங்கு மருத்துவர் கையில் கத்தியோடு துள்ளிவிட்டார். "எலி பொழைச்சுக்கும், நான்தான் போய்டுவேன் போலிருக்கு" என்று திட்டிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

அப்பாவுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல, இடம் காலியாக இருந்தது, வீட்டுக்குப் பக்கம், வந்தேன். ஆனால் பலகையில் முதல் கோடு ஓடிய அன்று கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இதை உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை.

ஓர் எலிக்கே இவ்வளவு பேர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றால், உன்னை அப்படியே விட்டுவிடுவார்களா? என் பலகை இதுவரை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. உன் மருத்துவமனையில் இருப்பவை அதைவிடப் பெரிய, பழகிய கருவிகள். தேதி குறி. குட்டிக்கு அத்தையின் முத்தங்கள். எல்லாம் சொன்னது உன் மனைவிதான் என்று நான் போட்டுக்கொடுத்துவிட்டேன், அதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே.

உன் உடம்பை உன்னைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பதில் வந்தது. என் மூன்று பக்கத்துக்கு நீ எழுதியது மூன்று வரி. "நீ செஞ்ச பலகை நல்லா வேலை செய்யுதுன்னா நான் படுக்கறேன். உன்னை நம்பித்தான் படுக்கறேன். ஆனா அது ஒரு நாள் பொய் சொல்லுச்சுன்னா என்கிட்ட மறைக்கக் கூடாது." படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உன் மனைவி அன்றைக்கே போன் செய்து, தேதி குறித்தாகிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னாள்.

அது நடந்த இரண்டாம் நாள் என் பலகை பொய் சொன்னது.

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்கிறார் உன் அத்தான். "பொய் சொல்லச் சொல்லலை. அவன் ஆபரேஷன் முடிஞ்சு வரட்டும், அப்புறமா சொல்லு" என்று நேற்றிலிருந்து பின்னாலேயே வருகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ மறுபடியும் மழை, ஆடிட் என்று ஆரம்பித்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். ஆனால் நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடக் கொடுக்காமல் உன்னைப் படுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, அடியில் மரத்தூள் போடுவது எல்லாம் அவர்தான். எலிகளை அவர் கொஞ்சுவதைப் பார்த்து அவருக்குத் தாய்மாமன் என்றே பெயர் வைத்துவிட்டோம், அவருக்கும் அதில் பெருமைதான். எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண்தான் என்று சட்டம். தாய்மாமன் காதில் அது ஏறவே இல்லை. எப்போது பார்த்தாலும் முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிற ஓர் எலிக்குச் சீமாட்டி என்று பெயர். "மேக்கப் முடியட்டும் சார், அப்புறம் தூக்கலாம்" என்று ஆராய்ச்சியாளர்களையே காக்க வைப்பார்.

ஆபரேஷன் மேசைக்கு எலியைத் தூக்கி வருவதும் அவர்தான். அவர் கையில் இருந்தால் அவை திமிறாது. மயக்கம் ஏறும்வரை தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டிருப்பார். மயக்கம் ஏறியதும் கையை எடுத்துவிட வேண்டும். சீமாட்டியின் முறை வந்த அன்று அவர் எடுக்கவில்லை. பச்சைத் துணிக்கு அடியில் அவருடைய விரல் அப்படியே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. திரையில் கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சீரான கோட்டை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், "பாத்தீங்களா, நல்லாத் தூங்குது" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

கீறிய இடத்தில் இரத்தம் கருத்திருப்பதைப் பார்த்துவிட்டு மருத்துவர் துணியை விலக்கினார். சீமாட்டி மூச்சு விட்டு நேரமாகியிருந்தது. மயக்கக் காற்று தேவைக்கு மேல் போயிருக்கிறது. அவர் மார்பை அழுத்தினார், வாய்வழியாகக் குழாய் வைத்து ஊதினார், ஒன்றும் பலிக்கவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் மருத்துவர் கையை எடுத்தபோதெல்லாம், தாய்மாமனின் விரல் மட்டும் அங்கேயே இருக்க, என் பலகை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தது.  கடைசியில் தாய்மாமன் முகத்தைத் துடைக்கக் கையை எடுத்தார். கோடு நேராகப் படுத்துவிட்டது, பலகை கத்த ஆரம்பித்தது.

அப்போதுதான் புரிந்தது. மயக்கத்தில் இருக்கிற எலி ஒரு நிமிடத்தில் விடுகிற மூச்சும், விழித்திருக்கிற மனிதனுக்கு ஒரு நிமிடத்தில் துடிக்கிற நாடியும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அவருடைய விரல்நுனித் துடிப்பை என் பலகை சீமாட்டியின் மூச்சு என்று எண்ணியிருக்கிறது. நம்ப முடியாமல் நானே என் விரலை அங்கே வைத்துப் பார்த்தேன். கோடு மறுபடியும் எழுந்து ஓடியது. நான் பதற்றத்தில் இருந்ததால் அவருடையதைவிட வேகமாக ஓடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி ஒரு தப்பு நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று படலத்தை அசைக்குமா என்று பார்த்தேன், மேசையில் யாராவது இடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன், தெருவில் லாரி போனால் என்ன ஆகும் என்றுகூடப் பார்த்தேன். பாசத்தில் ஒருவர் கையை எடுக்க மறந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

 தாய்மாமன் சீமாட்டியின் கூண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மருத்துவர் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில், இனி அந்த ஆள் மேசைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. படிக்கட்டில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அது தூங்கறவரைக்கும்தான்னு நெனச்சேன்மா. தூங்கினப்புறம் எடுக்க மனசு வரல" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா இறந்த அந்த வருடம் முழுக்க நீ என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். நீ தூங்கிவிட்டாய் என்று தெரிந்தாலும் நான் இழுத்துக்கொள்ள மாட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நான் ஒரு கையால் புத்தகத்தைப் புரட்டித்தான் படித்தேன். அப்படிப்பட்டவள் அவரை எந்த வாயால் திட்டுவது?

இதுதான் நடந்தது. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். உன் மருத்துவமனைக் கருவிகள் என்னுடையது மாதிரி நேற்று முளைத்தவை அல்ல. அங்கே மூச்சு, இதயம், இரத்தத்தில் இருக்கிற பிராணவாயு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். உனக்கென்று ஒரு மயக்க மருத்துவரும் பக்கத்திலேயே இருப்பார். இதையெல்லாம் என் வார்த்தையை நம்பி நீ ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, போய்க் கேள். என்மேல் கோபம் வந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். கல்லை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே, அக்கா கெஞ்சிக் கேட்கிறேன்.

கலங்கிய மனதோடு,
அக்கா


சனிக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து பதிலே இல்லை. தபால்காரர் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே நான் வாசலில் நிற்கிறேன் என்று அவருக்கே தெரிந்துபோய், தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். உன் அத்தான் "நான் சொன்னேன்ல" என்று சொல்லாமல், வாயை மூடிக்கொண்டு தேநீர் போட்டுக் கொடுத்தார். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். எடுத்ததும் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீயே தனியாக மருத்துவமனைக்குப் போய், மயக்க மருத்துவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாயாம். அந்த அம்மா வந்ததும், "மிஷின் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாயாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம். "ஒரு மிஷின் சொல்றதை இன்னொரு மிஷின்கிட்ட கேப்பேன். ரெண்டு சொல்றதையும் உங்க முகத்தைப் பாத்து சரிபாப்பேன். அதுக்குத்தான் நான் தலைமாட்டுலயே உக்காந்திருக்கறது" என்றாராம். நீ விடாமல், "நடுவுல டீ குடிக்க எழுந்து போயிட மாட்டீங்களே?" என்று கேட்க, "நீங்க எழுந்தப்புறம் ரெண்டு பேருமா குடிக்கலாம்" என்றாராம். வீட்டுக்கு வந்து, "அந்த அம்மா பொய் சொல்ற ஆளா தெரியல, அக்கா மாதிரியே இருக்காங்க" என்றாயாம். குறித்த தேதியை மாற்றவில்லை, வருகிற வியாழக்கிழமை என்று அவள் சொன்னதும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை எனக்கு ஒரு வரி எழுதினால் உன் சொத்து குறைந்துவிடுமா?

இனி என் பக்கத்துச் செய்தி. பலகை திருந்திவிட்டது, அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

தாய்மாமனை வெளியே நிறுத்தியதும் எலிகளை வேறு ஒருவர் தூக்கி வந்தார். ஒவ்வொன்றும் கையைக் கடித்து, மேசையில் திமிறி, அடங்குவதற்குள் எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. பயந்த எலிக்கு மயக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும், கூடுதலாகக் கொடுத்தால் ஆபத்தும் கூடுதல். மூன்றாவது எலி முடிந்ததும் மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். "அவரையே வரச் சொல்லுங்க. கையை எடுக்கச் சொன்னாலும் அவர் எடுக்க மாட்டார். அந்தக் கை இருந்தாலும் ஏமாறாத மாதிரி நீங்க ஒண்ணு செய்ங்க" என்றார்.

முதலில் இதயத்துக்குத் தனியாக ஒரு வழி செய்தேன். எலியின் கீறாத பின்னங்காலில் மாட்டுகிற மாதிரி குட்டியாக ஒரு கவ்வி, அதில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் அதைப் பார்க்கிற சென்சார். பாதத்துக்குள் இரத்தம் பாயும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் சற்று மங்கும், அதை எண்ணிக்கொள்ளலாம். கடையில் கிடைத்த கவ்வி எதுவும் அந்தக் காலுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் என் தலையில் இருந்த ஹேர்கிளிப்பைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ரப்பர் ஒட்டி மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இப்போது மூச்சைப் பற்றிப் பலகை ஒன்று சொன்னால், அதைக் காலில் இருக்கிற கவ்வியிடமும் கேட்டுக்கொள்ளலாம், உன் மயக்க மருத்துவர் சொன்ன அதே முறைதான்.

அடுத்தது தாய்மாமனின் கை. அவர் விரலுக்கு ஒரு மோதிரம் செய்தேன். அதிலும் அதே மாதிரி வெளிச்சம், சென்சார். அவருடைய நாடி எப்போது துடிக்கிறது என்று மோதிரம் பலகைக்குச் சொல்லிவிடும், பலகை அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எலியின் மூச்சாக எண்ணும். கழித்ததைத் தூக்கிப் போடாமல் திரையின் அடியில் தனிக் கோடாக ஓடவிட்டேன். மேல் கோடு எலி, கீழ்க் கோடு தாய்மாமன். எங்கள் இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, "மிஷின் எலிக்கா, இவருக்கா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும்தான் என்றேன்.

உயிரை வைத்துச் சோதிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எலியின் எடைக்கு ஒரு துணிப்பையில் அரிசியைக் கட்டி, பலகையில் படுக்க வைத்து, துணியால் மூடி, தாய்மாமனை விரல் வைக்கச் சொன்னேன். அரிசி மூச்சு விடாது, அதனால் மேல் கோடு அசையக் கூடாது. கீழ்க் கோடு குதித்துக் குதித்து ஓட, மேலே நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது, பலகை உடனே கத்தியது. அறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். நேர்கோட்டைப் பார்த்துக் கைதட்டிய கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். தாய்மாமன் மட்டும் தட்டவில்லை. விரலை எடுத்துவிட்டு, அரிசிப்பையைத் துணியை விட்டு வெளியே எடுத்து ஓரமாக வைத்தார்.

முந்தாநாள் நிஜ எலி. இரண்டு கோடும் ஓடின. எலி நிதானமாகத் தூங்கிக்கொண்டிருக்க, கீழே தாய்மாமனின் கோடுதான் தலைதெறிக்க ஓடியது. நடுவில் ஒரு தடவை மேல் கோடு தயங்கியது, அவருடைய துடிப்பு பக்கத்திலேயே இருந்தும் பலகை ஏமாறவில்லை, கத்தியது. மருத்துவர் மயக்கக் காற்றைக் குறைத்தார். மூச்சு திரும்பியது. தைத்து முடித்துத் துணியை எடுத்துச் சற்று நேரத்தில் மீசை துடித்தது, பிறகு ஒரு காது, பிறகு தலையைத் தூக்கப் பார்த்தது. மருத்துவர் எலியைப் பார்க்கவில்லை, திரையின் கீழ்க் கோட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்ப நீங்க மூச்சு விடலாம்" என்றார் தாய்மாமனிடம். அவர் சிரித்தார். சீமாட்டி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் திங்கட்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். விடுப்பு கிடைத்துவிட்டது, உன் அத்தான் வீட்டைப் பார்த்துக்கொள்வார். குட்டி உன்னிடம், "அப்பா, ஆஸ்பத்திரில என்ன செய்வாங்க?" என்று கேட்டதற்கு நீ பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டாயாமே. நீ என்ன சொல்ல வேண்டியிருக்கும், அது ஏன் உன் தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம்டா. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்க மாட்டேன், அவளும் நானுமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்போம்.

உன் மனைவியை மயக்க மருத்துவரிடம் ஒன்று கேட்கச் சொன்னேன். ஊசி போடுகிற முன்னறை வரை ஒருவர் கூட வரலாமாம், நீ தூங்கும்வரை பக்கத்தில் இருக்கலாமாம். நானே வருகிறேன், உன் மனைவி சம்மதித்துவிட்டாள். தலை நரைக்க ஆரம்பித்த ஆள் அக்கா விரலைப் பிடிப்பதா என்று வெட்கப்படாதே. அங்கே இருப்பவர்கள் இதைவிட எவ்வளவோ பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று, இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ தூங்கியதும் நான் கையை எடுத்துவிடுவேன். அந்தக் காலத்தில் எடுக்கவே மாட்டேன், இந்தத் தடவை எடுத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. உள்ளே அந்தத் திரையில் ஓடுகிற கோட்டில் என்னுடைய துடிப்பு ஒரு துளிகூடக் கலந்திருக்கக் கூடாது. அது முழுக்க முழுக்க உன்னுடையதாகவே ஓட வேண்டும். நீ கண்ணைத் திறந்து தேடும்போது விரல் பழைய இடத்திலேயே இருக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்குக் கல்யாணம் செய்து, பேரன் பேத்தியிடம் கரண்டி தேடின கதையைச் சொல்லித் திட்டு வாங்குகிறவரைக்கும் இருக்க வேண்டும். எழுந்து வாடா.

விரலை நீட்டிக்கொண்டு நிற்கும்,
அக்கா